பொட்டு வைக்கக் கூடாத உளி

ஆயுத பூஜை நெருங்கிவிட்டது. எங்கள் பட்டறையில் பையன்கள் டூல்பாக்ஸ்களைக் கவிழ்த்துக் கொட்டி, மண்ணெண்ணெய் தொட்டுத் துடைக்கத் தொடங்கிவிட்டார்கள். ஆண்டு முழுவதும் எண்ணெய்ப் பிசுக்கோடு கிடந்த ஸ்பேனர்களும் சுத்தியல்களும் இந்த ஒரு வாரம்தான் தங்கள் சொந்த நிறத்தில் இருக்கும். பிறகு சந்தனம், குங்குமம், கொஞ்சம் பொரிகடலை, ஒரு பூசணிக்காய்.

சென்ற ஆண்டு பூஜையன்று ஒரு சின்ன சம்பவம் நடந்தது. புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன், தன் அப்பா பயன்படுத்திய பழைய உளி ஒன்றை வீட்டிலிருந்து எடுத்து வந்து தட்டில் வைத்திருந்தான். பக்தியோடு அதற்கும் சந்தனம் தடவிப் பொட்டு வைக்கப் போனான். நான் அந்த உளியைத் தட்டிலிருந்து எடுத்துவிட்டேன்.

"ஏன்ணே? சாமி காரியத்துல போய்..." என்றான். முகம் வாடிவிட்டது.

"இது கும்பிடுற நிலையில இல்ல தம்பி" என்று அதன் தலையைக் காட்டினேன். சுத்தியலால் அடித்து அடித்து, உளியின் தலை காளான் குடை போல விரிந்து, ஓரங்கள் சுருண்டு கீழே மடங்கியிருந்தன. சுருண்ட இடத்தில் நகக்கண் அளவுக்கு விரிசல்கள்.

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. இந்தப் பகுதியில் இத்தனை வாரங்களாக நான் அதைச் சொன்னதில்லை. இந்த வாரம் சொல்லிவிடுகிறேன்.

"அட்ஜஸ்ட் பண்ணிக்கோ"

11 ஆண்டுகளுக்கு முன்பு நான் வேறொரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவின் சூப்பர்வைசர். என் கீழ் 19 வயதுப் பையன் ஒருவன். தொழிற்கல்வி முடித்த கையோடு வந்தவன். சொன்னதைச் செய்வான், சொல்லாததையும் செய்வான்.

ஒரு நாள் கன்வேயர் ஒன்று நின்றுவிட்டது. துருப்பிடித்த நட் ஒன்று ஸ்பேனருக்கு அசையவில்லை. உளி வைத்து நட்டைப் பிளந்துவிடச் சொன்னேன். அவன் உளியை எடுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பி வந்தான்.

"அண்ணே, இது தலை ஒரு மாதிரி இருக்கு. வேற இருக்கா?"

"அதையே வெச்சு அட்ஜஸ்ட் பண்ணிக்கோ தம்பி. லைன் நிக்குது" என்றேன்.

அடித்தான். சில அடிகளில் நட் பிளந்தது. அவன் கண்ணைச் சிமிட்டியபடி, "தூசி பட்டுருச்சு போல" என்றான். இரத்தம் இல்லை. பெரிய வலியும் இல்லை. முகத்தைக் கழுவிவிட்டு வரச் சொன்னேன். கழுவினான், கண்ணைத் தேய்த்தான், மீண்டும் வேலைக்கு வந்தான். மாலையில்தான், "அண்ணே, ஒரு கண்ணுல எல்லாம் புகை மாதிரி தெரியுது" என்றான்.

மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். உளித் தலையின் ஓரம் உடைந்து, அரிசி நொய் அளவுள்ள இரும்புத் துண்டு கண்ணுக்குள் போயிருந்தது. அறுவை சிகிச்சையில் அதை எடுத்துவிட்டார்கள். கண் தப்பியது. பார்வை முழுதாகத் திரும்பவில்லை.

மறுநாள் நான் விபத்து அறிக்கை எழுதினேன். 'காரணம்' என்ற கட்டத்தில் மலாயில் இரண்டே சொற்கள்: 'கெச்சுவாயான் பெகெர்ஜா'. தொழிலாளியின் கவனக்குறைவு. அவன் பாதுகாப்புக் கண்ணாடி அணியவில்லை என்றும் சேர்த்தேன். அது உண்மைதான். கண்ணாடிகள் அலமாரியில் பூட்டியிருந்தன என்பதும், சாவி என் சட்டைப்பையில் இருந்தது என்பதும்கூட உண்மை. அவற்றை எழுதவில்லை. அவன் வேறு உளி கேட்டதையும் எழுதவில்லை.

மருத்துவமனை வராந்தாவில் அவன் அம்மா என்னிடம் கேட்டார்: "எம் பையன் தப்பா வேலை செஞ்சிட்டானா தம்பி?"

"வேலைன்னா அப்படி இப்படி நடக்கும்க்கா" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

மூன்று வாரம் கழித்து, பட்டறையின் மறு மூலையில் சுத்தியல் சத்தம் கேட்டுத் திரும்பினேன். வேறொரு தொழிலாளி வேலை செய்துகொண்டிருந்தார். கையில் அதே உளி.

அதை யாரும் குப்பையில் போட்டிருக்கவில்லை. ஏன் போடுவார்கள்? குற்றம் உளியின் மேல் இல்லையே. பையன் மேல் என்று நான்தான் எழுதிக் கொடுத்திருந்தேனே!

அன்றே இரண்டாவது அறிக்கை எழுதினேன். உளியின் நிலை, பூட்டிய அலமாரி, அவன் கேட்டது, நான் சொன்ன பதில் எல்லாவற்றையும் எழுதினேன். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வர வேண்டியதுதான். உளி குப்பைக்குப் போனது. அலமாரியின் பூட்டும் போனது. பிறகு அவன் வீட்டுக்குப் போய், அம்மாவையும் அவனையும் உட்காரவைத்து நடந்ததைச் சொன்னேன். அதுவரை அவனே தன் மேல்தான் தவறு என்று நம்பிக்கொண்டிருந்தான். அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட வலித்தது.

சின்ன சாமான் என்ற நினைப்பு

பெரிய இயந்திரம் என்றால் நமக்குத் தானாகவே ஒரு பயம் வருகிறது. அதற்கு வேலி உண்டு, அவசர பொத்தான் உண்டு, பயிற்சி உண்டு. கைக்கருவிகளுக்கு அப்படி எதுவும் இல்லை. "சுத்தியல் பிடிக்கக்கூட வகுப்பா?" என்று சிரிப்போம். அந்தச் சிரிப்பில்தான் விரல்கள் போகின்றன. எந்தக் கருவி எப்படிக் காயப்படுத்துகிறது என்று தெரிந்தால் பாதி ஆபத்து விலகிவிடும்.

முதலில் உளி. அதன் வெட்டும் முனை கடினமாக்கப்பட்டிருக்கும். அடி வாங்கும் தலையைக் கொஞ்சம் மென்மையாகவே விடுவார்கள். இரண்டும் கடினமாக இருந்தால் மோதும்போது சில்லுச் சில்லாகத் தெறிக்கும். மென்மையான தலை அடிபட்டு அடிபட்டு விரியும். விரிந்த ஓரம் நாளடைவில் இறுகி, விரிசல் விட்டு, ஏதோ ஒரு அடியில் தோட்டா போலப் பறக்கும். தீர்வு ஐந்து நிமிட வேலை: கிரைண்டரில் விரிந்த பகுதியைத் தேய்த்து, ஓரத்தைச் சரிவாக்கிவிட வேண்டும். விரிசல் ஆழமாக இருந்தால் தூக்கிப் போட வேண்டும்.

சுத்தியல். ஒரு சுத்தியலின் முகத்தை இன்னொரு சுத்தியலால் அடிக்கவே கூடாது. இரண்டும் கடின எஃகு. எது உடைந்தாலும் சில்லு முகத்துக்குத்தான் வரும். வேலை தொடங்கும் முன் தலையைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். சிறிது ஆடினாலும் ஆப்பு தளர்ந்திருக்கிறது என்று பொருள். பிளந்த கைப்பிடிக்கு டேப் சுற்றுவது மருந்தல்ல. அது பிளவை மறைக்கிறது, அவ்வளவுதான்.

அரம். இதன் வால் பகுதி கூர்மையானது. பிடி போடாமல் பயன்படுத்தினால், அரம் எங்காவது தட்டி நிற்கும் நொடியில் வால் உள்ளங்கைக்குள் இறங்கிவிடும். அரம் மிகக் கடினமானது, அதனாலேயே வளையாமல் முறியும். அதை நெம்புகோலாகப் பயன்படுத்துகிறவர் கையில் கண்ணாடியை வைத்து நெம்புகிறார் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பேனர். முடிந்தவரை உங்கள் பக்கம் இழுங்கள், தள்ளாதீர்கள். தள்ளும்போது நட் திடீரென்று விட்டுக்கொடுத்தால், உடம்பின் எடை முழுவதும் விரல் முட்டிகளின் பின்னால் போய் எதிரில் உள்ள இரும்பில் மோதும். இடநெருக்கடியில் தள்ளித்தான் ஆக வேண்டும் என்றால், விரல்களை மடக்காமல் திறந்த உள்ளங்கையால் தள்ளுங்கள். அளவு மாற்றும் ஸ்பேனரில், அசையாத தாடையின் மேல் விசை விழும்படி மாட்டுங்கள். கைப்பிடியில் பைப் சொருகி நீளமாக்குவது நம் பட்டறைகளில் சாதாரணம். அந்த ஸ்பேனர் அவ்வளவு விசைக்குச் செய்யப்பட்டதல்ல. முறியும், அல்லது வழுக்கும்.

ஸ்க்ரூடிரைவர். இது உளி அல்ல, நெம்புகோல் அல்ல, பெயின்ட் டின் திறப்பானும் அல்ல. ஒரு கையில் பொருளைப் பிடித்துக்கொண்டு மறு கையால் திருகுவதுதான் நாம் எல்லாரும் செய்யும் தவறு. முனை வழுக்கினால் அது போகும் வழியில் உங்கள் உள்ளங்கை இருக்கிறது. பொருளை மேசையில் வையுங்கள் அல்லது வைஸில் கடியுங்கள்.

மின்சார வேலைக்கு இன்னொன்று. பிளாஸ்டிக் பிடி இருந்தாலே மின்காப்பு என்று நம்பாதீர்கள். சோதிக்கப்பட்ட கருவியில் இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் இருக்கும். அந்தப் பிடியில் வெட்டோ விரிசலோ விழுந்துவிட்டால் அந்தக் காப்பை நம்ப முடியாது. எப்படியானாலும், சுவிட்சை நிறுத்திப் பூட்டிவிட்டு, மின்சாரம் இல்லை என்று சோதித்துப் பார்ப்பதுதான் முதல் வேலை.

கத்தி. "நமக்கு ஏன் இதெல்லாம்?" என்று படிக்கும் அலுவலகக்காரர்களே, உங்கள் மேசை இழுப்பறையில் ஒரு கட்டர் இருக்கிறதா? பார்சல் பிரிக்கும்போது அதை உடம்பை நோக்கி இழுப்பீர்கள்தானே? வெளிப்பக்கமாக வெட்டுங்கள், மறு கை கத்தியின் பாதையில் இருக்கக் கூடாது. மழுங்கிய கத்திதான் அதிக ஆபத்து. வெட்டாததால் அழுத்துவோம், அழுத்தினால் வழுக்கும். என் அப்பா தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். விடியலுக்கு முன் விளக்கு வெளிச்சத்தில் கத்தியைத் தீட்டாமல் அவர் ஒரு நாளும் கிளம்பியதில்லை. மரத்துக்கும் அது நல்லது, கைக்கும் அது நல்லது என்பார். கட்டரின் முறித்த பிளேடை அப்படியே குப்பையில் எறியாதீர்கள். மூடியுள்ள ஒரு டின்னில் போட்டு வையுங்கள். குப்பைப் பையைத் தூக்குகிறவருக்கும் கை உண்டு.

உயரத்தில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. 20 மீட்டர் உயரத்திலிருந்து கைதவறும் ஸ்பேனர் தரையைத் தொட 2 விநாடிதான் ஆகும். அப்போது அதன் வேகம் மணிக்கு ஏறக்குறைய 70 கிலோமீட்டர். "ஏய்!" என்று நீங்கள் கத்தி முடிப்பதற்குள் கீழே இருப்பவர் தலையில் அது இறங்கிவிடும். கருவியைக் கயிற்றால் இடுப்புப் பட்டையிலோ மணிக்கட்டிலோ இணைத்துக்கொள்ளுங்கள். கீழே ஆள் நடமாடாதபடி தடுப்பு போடுங்கள். சட்டைப்பையில் ஸ்க்ரூடிரைவர் சொருகி ஏணி ஏறாதீர்கள்.

கையில் கிடப்பவை

நம்மவர்களிடம் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. கல்யாண மோதிரம், ராசிக்கல் மோதிரம், இரும்புக் காப்பு, கோயில் கயிறு. நம் கைகள் வெறுங்கையாக இருப்பதே இல்லை. ஏணியிலிருந்து இறங்கும்போது மோதிரம் ஒரு கொக்கியில் மாட்டினால், உடம்பின் எடை முழுவதும் அந்த விரலில் தொங்கும். விரலின் தோலும் சதையும் உறை கழன்றது போல் உரிந்து வரும். பேட்டரி முனையில் ஸ்பேனரோடு மோதிரமும் பட்டால் நொடியில் அது பழுக்கக் காய்ந்துவிடும். சுழலும் இயந்திரத்துக்குக் கயிறு என்றும் தெரியாது, சாமி என்றும் தெரியாது.

மோதிரத்தைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போவது மனைவிக்கு மரியாதைக் குறைவு என்று நினைக்க வேண்டாம். இதை வீட்டிலுள்ள பெண்களே எடுத்துச் சொன்னால் எங்கள் பேச்சைவிட அதற்குப் பலன் அதிகம்.

கையுறையிலும் ஒரு குழப்பம் உண்டு. கத்தி, தகடு, கரடுமுரடான இரும்பு என்றால் பொருத்தமான கையுறை போடுங்கள். துளையிடும் இயந்திரம் போன்ற சுழலும் பொருளின் அருகில் போகும்போது கழற்றிவிடுங்கள். அது உறையைப் பிடித்தால் கையையும் சேர்த்துத்தான் இழுக்கும்.

அடிபட்டால்

கண்ணில் ஏதோ தெறித்தது என்று ஒருவர் சொன்னால், அப்போது அவர் உலோகத்தை அடித்துக்கொண்டிருந்தாரா, தேய்த்துக்கொண்டிருந்தாரா என்று கேளுங்கள். ஆம் என்றால் அது தூசி அல்ல என்றே வைத்துக்கொள்ளுங்கள். வேகமாக வரும் சில்லு வலி அதிகம் இல்லாமல், வெளியே காயம் தெரியாமல் உள்ளே போய்விடும். தேய்க்க வேண்டாம், அழுத்த வேண்டாம், எடுக்க முயல வேண்டாம். கண்ணை அழுத்தாதபடி ஒரு காகிதக் குவளையால் மூடி நேராக மருத்துவமனைக்குப் போங்கள். இரும்பாக இருக்கலாம் என்று மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். இரும்பு உள்ளே இருக்கும்போது காந்தத்தால் இயங்கும் எம்.ஆர்.ஐ. எடுக்கக் கூடாது. இரும்பு உள்ளேயே தங்கினால் துருவே விழித்திரையைக் கெடுக்கும்.

குத்தி நிற்கும் பொருளைப் பிடுங்காதீர்கள். இரத்தத்தை அடைத்திருப்பது அதுவாகவே இருக்கலாம். வெட்டுக்காயத்தில் காப்பித்தூள், மஞ்சள்தூள் அப்பாதீர்கள். சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள், கையை உயர்த்துங்கள். துருப்பிடித்த கருவி என்றால் டெட்டனஸ் ஊசி பற்றிக் கேளுங்கள்.

விரல் துண்டாகிவிட்டால், அந்தத் துண்டை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் கலந்த நீரில் வைத்து எடுத்துச் செல்லுங்கள். ஐஸ்மேல் நேரடியாக வைத்தால் திசு கெட்டுவிடும், ஒட்டவைக்கும் வாய்ப்பும் போய்விடும்.

கேட்கும் உரிமை

அன்று என் பையன் கேட்டான். நான் மறுத்தேன். அவனுக்குச் சட்டத்தில் இடம் இருந்தது என்பது அவனுக்கும் தெரியாது, எனக்கும் சரியாகத் தெரியாது.

1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் பாதுகாப்பான கருவியும் பயிற்சியும் தருவதை முதலாளியின் கடமையாக்கியிருக்கிறது. சட்டப்படி கொடுக்க வேண்டிய பாதுகாப்புச் சாதனத்துக்குத் தொழிலாளியிடம் காசு வாங்கக் கூடாது. பாதுகாப்பு பற்றிப் புகார் சொன்னதற்காக ஒருவரை வேலையிலிருந்து நீக்கவோ பழிவாங்கவோ கூடாது. கொடுத்த சாதனத்தை அணிவதும், தன்னையும் பிறரையும் ஆபத்தில் தள்ளாமல் இருப்பதும் தொழிலாளியின் கடமை. இரண்டு பக்கமும் கடமை உண்டு.

2024 ஜூன் 1-ஆம் தேதி நடப்புக்கு வந்த திருத்தம் இதை மேலும் இறுக்கியது. முதலாளியின் பொதுக் கடமையை மீறினால் விதிக்கக்கூடிய அபராதத்தின் உச்சவரம்பு 50,000 வெள்ளியிலிருந்து 5 லட்சம் வெள்ளியாக உயர்ந்தது. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள இடத்தில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவரை நியமிக்க வேண்டும். உடனடி ஆபத்து இருப்பதாக நம்புவதற்கு நியாயமான காரணம் இருந்து, அதை முதலாளி நீக்கவில்லை என்றால், தொழிலாளி அந்த இடத்தைவிட்டு விலகலாம்.

அடிபட்டால் எவ்வளவு சிறிய காயமானாலும் அன்றே தெரிவித்துப் பதிவு செய்யுங்கள். "வீட்டுல வெட்டிக்கிச்சுன்னு சொல்லிடு" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பின்னாளில் சொக்சோ இழப்பீடு கோரும்போது அந்த ஒரு பொய் குறுக்கே நிற்கும். கவனக்குறைவாக இருந்தீர்கள் என்பதற்காக மட்டும் சொக்சோ உங்களைக் கைவிடாது. யார் குற்றம் என்று பார்த்துக் கொடுக்கும் திட்டமல்ல அது.

சட்டம் இருந்தாலும், 19 வயதுப் பையன் சூப்பர்வைசரிடம் இரண்டாவது முறை கேட்க மாட்டான். எனவே இதைப் படிக்கும் சூப்பர்வைசர்களுக்கும் முதலாளிகளுக்கும்தான் என் வேண்டுகோள். முதல் முறை கேட்கும்போதே காது கொடுங்கள். பழுதான கருவிக்கு ஒரு சிவப்பு அட்டை கட்டித் தனிப்பெட்டியில் போடும் பழக்கத்தைக் கொண்டு வாருங்கள். அறிக்கையில் 'கவனக்குறைவு' என்று எழுதும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: நாளைக்கு இதே இடத்தில் கவனமான ஒருவர் நின்றாலும் இது நடக்குமா? நடக்கும் என்றால், காரணம் இன்னும் டூல்பாக்ஸில்தான் இருக்கிறது.

பூஜைக்கு முன்

ஆயுத பூஜை ஒரு வகையில் நம் முன்னோர் வைத்துவிட்டுப் போன வருடாந்தரச் சோதனை என்று எனக்குத் தோன்றுகிறது. ஒவ்வொரு கருவியையும் கையில் எடுத்து, துடைத்து, கண்ணால் பார்க்கும் நாள் அது. பார்க்கும்போதே கொஞ்சம் உற்றுப் பாருங்கள். தலை ஆடுகிறதா, பிடி பிளந்திருக்கிறதா, ஓரம் விரிந்திருக்கிறதா, முனை மழுங்கியதா? சரியானவை தட்டுக்குப் போகட்டும். சரியாக்கக்கூடியவை கிரைண்டருக்குப் போகட்டும். மற்றவை, அப்பா காலத்துச் சாமானாக இருந்தாலும், விடைபெறட்டும்.

சென்ற ஆண்டு அந்தப் பையனின் உளியைத் தூக்கிப் போடவில்லை. விரிசல் ஓரத்தோடு நின்றிருந்தது. இருவரும் கண்ணாடி அணிந்துகொண்டு கிரைண்டரில் தேய்த்தோம். அவன் அதைத் துடைத்து, மீண்டும் தட்டில் வைத்து, பொட்டு வைத்தான்.

கண்ணில் அடிபட்ட என் பையன் இப்போது ஒரு ஹார்ட்வேர் கடையில் வேலை செய்கிறான். தீபாவளிக்கு வீட்டுக்கு வருவான். உளி வாங்க வருகிறவர்களிடம் ஒரு பாதுகாப்புக் கண்ணாடியையும் சேர்த்து எடுத்து வைப்பானாம். வேண்டாம் என்று திருப்பித் தருகிறவர்களும் உண்டாம். அவர்களிடம் என்ன சொல்வாய் என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்ல மாட்டேண்ணே. என் கண்ணைப் பார்த்துட்டு அவங்களே எடுத்துக்குவாங்க."